படகுத்துறையில் ஊழ்

லைஃப் ஜாக்கெட்டை நீட்டினால் ஜனங்கள் சொல்லும் பதில்கள் மொத்தமே ஏழெட்டுதான். வேர்வை நாறுது. புடவை கசங்கிடும். போட்டோவில் நன்றாக இருக்காது. எனக்கு நீச்சல் தெரியும். இந்த ஏரியில் என்ன பெரிய ஆழம் இருந்துவிடப் போகிறது. இப்போதுதான் பிரியாணி சாப்பிட்டேன், வயிற்றை இறுக்கும். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. ஒன்றே ஒன்றுக்கு மட்டும் வேலையில் இருந்தவரை எனக்குச் சரியான பதில் அகப்படவில்லை. "போற உசுரு எங்க இருந்தாலும் போகத்தான் போகுது சார். எல்லாம் விதி."

இதைச் சொல்பவர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். வந்த வேனின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். வேனுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருப்பார். வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார். வாசற்பூட்டு விஷயத்தில் விதியை நம்பாதவர், தண்ணீரைக் கண்டதும் ஞானியாகிவிடுகிறார். இப்படிக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அவர் சொன்னது நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வரும் எண்ணம். சங்கப் பாட்டிலும் இருக்கிறது, சாவு வீட்டிலும் இருக்கிறது. கேலி அதைத் தொடாது.

நான் ஒரு மலை ஊர் ஏரியின் படகுத்துறையில் வேலை பார்த்தவன். முதலில் டிக்கெட் கவுன்டர், பிறகு ஜெட்டி. ஏரியின் பெயர் இங்கே வேண்டாம். ஓய்வு பெற்ற பின் திருவாரூர் பக்கம் சொந்த ஊருக்கு வந்துவிட்டேன். மாலை நேரத்தில் நாலைந்து பேர் கூடிப் பெரிய புராணம் படிக்கிறோம். ஏரிக்கரையில் விட்டு வந்ததாக நினைத்த கேள்வி அங்கேயும் வந்து சேர்ந்தது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஜாக்கெட்டைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போடச் சொல்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு அது என்ன செய்யும் என்று தெரியாது. ஆரஞ்சுத் துணிக்குள் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்று ஃபோம் பலகைகள். மூன்று கிளிப். பிடரிக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு பட்டை வளையம். அது யாருக்கும் நீச்சல் கற்றுத் தராது. வாயையும் மூக்கையும் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கும், அவ்வளவுதான். சினிமாவில் காட்டுவதுபோல மூழ்குகிறவன் "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. வாய் மேலே வரும் அந்த ஒரு நொடியில் அவனால் மூச்சை இழுக்கத்தான் முடியும், குரல் எழுப்ப முடியாது. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். தூக்கி ஆட்டவும் முடியாது. பக்கத்துப் படகில் இருப்பவர்கள் பையன் விளையாடுகிறான் என்று நினைப்பார்கள். பல நேரம் ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நிமிஷத்தை நீட்டித் தருவதுதான் ஜாக்கெட்டின் வேலை.

அதைச் செய்யவும் அது உருப்படியாக இருக்க வேண்டும். உட்காரும் பலகை சுடுகிறது என்று ஜாக்கெட்டை மடித்துக் கீழே போட்டுக்கொள்வார்கள். நாளடைவில் ஃபோம் நசுங்கிப்போய் மிதக்கும் சக்தி குறைந்துவிடும். அளவு இன்னொரு தொல்லை. கிளிப்பை மாட்டியபின் தோள்பட்டைத் துணியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முகவாயைத் தாண்டி ஏறினால் அது அவருடைய அளவு இல்லை. பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் குழந்தை கையைத் தூக்கிய மாத்திரத்தில் கீழே நழுவிவிடும். ஜாக்கெட் மட்டும் அழகாக மிதந்துகொண்டிருக்கும்.

ஃபோம் வருவதற்கு முன்னால், இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில், இந்த அங்கிகளுக்குள் அடைத்தது இலவம் பஞ்சு. போடி, வருசநாடு பக்கம் காய்க்கிற அதே இலவம்தான். அதன் நாருக்குள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு; லேசில் நனையாது. அதற்கும் முன்னால் காவிரிக் கரையில் எங்களுக்கு இருந்தது சுரைக்குடுக்கை. முற்றிக் காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டித்தான் எனக்கு அப்பா நீச்சல் பழக்கினார். எதற்கெடுத்தாலும் தலையெழுத்து என்று சொல்லும் என் அப்பாயிதான் அந்தக் கயிற்றை வந்து இழுத்துப் பார்ப்பாள். முடிச்சு தளர்ந்திருந்தால் அப்பாவுக்குத் திட்டு விழும். தலையெழுத்தும் முடிச்சும் அவளுக்கு ஒன்றோடொன்று மோதவே இல்லை.

மோதியதை நான் ஜெட்டியில்தான் பார்த்தேன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போய்வரும் வேன்கள் எங்கள் ஏரிக்கு வரும். ஒருமுறை கன்னிச்சாமி ஒருவர், இருபது வயதுதான் இருக்கும், ஜாக்கெட்டைத் தொடவே மறுத்தார். அவர் சொன்ன காரணம் விதி இல்லை, தீட்டு. "யார் யாரோ போட்டது. நான் மாலையில இருக்கேன் சாமி." இதை அசட்டுத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் விரதத்தை அவர் மதிக்கிறார். அந்த ஜாக்கெட்டும் உண்மையிலேயே ஒரு நாளில் எத்தனையோ உடம்பு மாறுவது. வெயில் இருக்கும் நாளில் சோப்புத் தண்ணீரில் முக்கிக் காயப்போடுவோம். மலையில் வெயில் என்றைக்கு ஒழுங்காக இருந்தது?

பின்னால் நின்ற குருசாமி முன்னே வந்தார். நரைத்த தாடி, தோளில் துண்டு. "சாமி, இத்தனை நாளா செருப்பு போடல. மெத்தையில படுக்கல. ஏன்னு கேட்டீங்களா? சொன்னாங்க, செஞ்சீங்க. இதையும் அதோட சேத்துக்கங்க." சொல்லிவிட்டுத் தானே ஒன்றை எடுத்து மாட்டினார். துளசி மாலை கிளிப்பில் சிக்கிக்கொண்டது. பொறுமையாக விடுவித்து, கண்ணில் ஒற்றி, ஜாக்கெட்டுக்கு வெளியே தெரியும்படி எடுத்துவிட்டார். பையன் அப்போதும் விடவில்லை. "ஐயப்பன் பாத்துக்க மாட்டாரா சாமி?"

"பாத்துப்பாரு சாமி. விழுந்தா தூக்குவாரு. எதைப் பிடிச்சுத் தூக்குவாரு?" என்று கேட்டு, பையனைத் திருப்பி நிறுத்தி, பிடரிப் பட்டையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். வேனில் வந்த எல்லாச் சாமிகளும் சிரித்தார்கள். பையனும் சிரித்துக்கொண்டே ஏறினான். சைவ சித்தாந்தம் கரைத்துக் குடித்தவர்கள் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறேன். திருவருளைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி பெரிய புராணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை திருக்கொள்ளம்பூதூர். திருஞானசம்பந்தர் அடியார்களோடு அங்கே வந்தபோது ஆற்றில் வெள்ளம். ஓடக்காரர்கள் ஓடங்களைக் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சம்பந்தர் ஒரு ஓடத்தை அவிழ்த்து, அடியார்களை ஏற்றி, தாமும் ஏறிப் பதிகம் பாடினார். ஓடம் அக்கரை போய்ச் சேர்ந்தது. நாவன்மையையே கோலாகக் கொண்டு செலுத்தினார் என்பது சேக்கிழார் காட்டும் காட்சி. இன்றும் தீபாவளியை ஒட்டி ஐப்பசியில் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது.

அந்த இடத்தைப் படித்து முடித்ததும் எங்கள் குழுவில் இருக்கும் கல்லூரிப் பையன் என்னைப் பார்த்தான். "தாத்தா, அன்னைக்கு ஜெட்டியில நீங்க இருந்திருந்தா சம்பந்தரை ஏத்தியிருப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். இரவு படுத்தபின் தூக்கம் வரவில்லை.

இந்தக் கதைகளில் நாம் அற்புதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோமோ என்று தோன்றியது. அப்பரைப் பாருங்கள். கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள்; கல் தெப்பமாகி, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரையேறினார். அவர் கல்லைத் தாமே கட்டிக்கொள்ளவில்லை. பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்துப் பார்த்து, நஞ்சு கொடுத்துப் பார்த்து, யானையை ஏவிப் பார்த்து, கடைசியில் செய்த வேலை அது. தள்ளிவிடப்பட்டவர் கூப்பிட்டார், சிவன் வந்தார். கிறிஸ்தவர்கள் வேதத்தில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. கோயில் உச்சியில் ஏசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான் சாத்தான். அவர் குதிக்கவில்லை, கடவுளைச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று விட்டார். தள்ளிவிட்டால் மிதப்பது ஒன்று, மிதப்போமா என்று குதித்துப் பார்ப்பது வேறு. அற்புதம் போக்கிடம் இல்லாதவனுக்கு. எங்கள் ஜெட்டியில் போக்கிடம் ஆணியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நோவா கதை எனக்கு இன்னும் பிடிக்கும். எங்கள் துறையில் மெக்கானிக்காக இருந்தவர் சர்ச்சுக்குப் போகிறவர், அவர்தான் சொன்னார். கடவுள் நினைத்திருந்தால் நோவா குடும்பத்தை அப்படியே தூக்கி ஒரு மலைமேல் வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று அளவு கொடுக்கிறார். உள்ளேயும் வெளியேயும் கீல் பூசச் சொல்கிறார். "கடவுளே கசிவுக்குப் பயப்படுறாரு, நீங்க என்ன?" என்பது ஒழுகுகிற பெடல் போட்டை யாராவது தண்ணீரில் இறக்கப் போகும்போது அவர் போடும் சத்தம். எல்லா மதத்திலிருந்தும் இப்படி ஒவ்வொன்றை எடுத்து அடுக்கிக்கொண்டே போகலாம். மேடைப் பேச்சாகிவிடும், போதும்.

மறுநாள் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் லேசில் விடுகிறவன் இல்லை. "அப்பர் சரி தாத்தா. சம்பந்தருக்குப் போக்கிடம் இருந்துச்சே? வெள்ளம் வடியிற வரைக்கும் கரையில காத்திருந்திருக்கலாமே?"

உண்மைதான், காத்திருந்திருக்கலாம். ஓடக்காரர்கள் ஓடத்தைக் கட்டிவைத்துவிட்டுப் போனதே ஆறு தெரிந்தவர்களின் தீர்ப்பு. புராணம் அதை மறைக்கவில்லை. அக்கரையில் இருக்கும் சுவாமியை இன்றே பார்த்தாக வேண்டும் என்ற தவிப்புக்கு நான் சட்டம் எழுத முடியாது. அது அவருக்கும் சிவனுக்கும் உள்ள வழக்கு. ஒன்று மட்டும் சொல்வேன்: அவர் கரையில் நின்றுகொண்டு அடியார்களை மட்டும் அனுப்பவில்லை, தாமும் ஏறினார். ஏரியை அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மிளகாய் பஜ்ஜி சாப்பிட வருபவருக்கு அந்தத் தவிப்பும் கிடையாது.

பையன் அடுத்து எடுத்தது இந்தக் காலத்து வாதம். "சரி, விதின்னே சொல்லல. என் உசுரு, என் இஷ்டம்னு சொன்னா?" வேலையில் இருந்தபோது இதையும் கேட்டிருக்கிறேன். படகில் அப்படித் தனி உயிர் என்று ஒன்று கிடையாது. ஒருவன் நடுவில் எழுந்து நின்றால் எல்லாரும் சாய்வார்கள். ஒருவன் விழுந்தால் படகோட்டி குதித்துத்தான் ஆக வேண்டும். விழுந்தவன் விதியை நம்புகிறவனா, இஷ்டத்தை நம்புகிறவனா என்று அவர் விசாரிக்க மாட்டார். பயத்தில் இருக்கிறவன் கையில் அகப்பட்டதன்மேல் ஏறுவான், படகோட்டியின் தலையாக இருந்தாலும் சரி. கை தேர்ந்த நீச்சல்காரர்கள் இப்படித்தான் சாகிறார்கள். எனக்குப் பின் ஜெட்டிக்கு வந்த தம்பியிடம் இதைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்களாம். மீதிப் பேரை, பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் சத்தம்தான் ஜாக்கெட்டைப் போட வைக்கிறதாம்.

இவ்வளவும் பயணியைப் பற்றிய பேச்சு. எனக்குப் பெரிய உறுத்தல் பயணி இல்லை.

2009 செப்டம்பர் 30. தேக்கடி ஏரி. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் உண்டான ஏரி அது. அன்று மூழ்கிய காட்டு மரங்களின் பட்டுப்போன கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கேரளச் சுற்றுலாக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு, ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆனது, கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டதும் பார்க்கிறவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள், படகு சாய்ந்தது என்று செய்திகள் சொல்லின. படகு ஓட்டுகிற யாருக்கும் இது எப்படி நடக்கும் என்று தெரியும். மேல்தளத்தில் எடை ஏற ஏறப் படகு நிலைகொள்ளாமல் ஆடும். ஒரு பக்கம் தாழ்ந்தால் நிற்கிறவர்களும் அந்தப் பக்கமே சரிவார்கள்; சரிந்தவர்கள் எடையில் இன்னும் தாழும். யோசித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். யானையைப் பார்த்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பிப் பக்கம் ஓடுவது குற்றமா? அதற்குத்தானே டிக்கெட் வாங்கி வந்தார்கள். ஓடுவார்கள் என்று தெரிந்து படகைக் கட்டுவதும், ஆளை எண்ணி ஏற்றுவதும், ஜாக்கெட்டை மாட்டி அனுப்புவதும் கரையில் இருப்பவர்கள் வேலை. அந்தச் செய்தி வந்த வாரம்தான் எங்கள் துறையிலும் மூட்டையாகக் கட்டிக் கிடந்த புது ஜாக்கெட்டுகள் வெளியே வந்தன. அதுவரை அவை ஸ்டாக் ரிஜிஸ்டரில் மட்டும் மிதந்துகொண்டிருந்தன.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர். 2023 மே 7, மலப்புறம் மாவட்டம் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, கொள்ளளவுக்கு மேல் ஆள் ஏற்றி, இருட்டிய பின்னும் ஓட்டியதில் 22 பேர். பாதிக்கும் மேல் குழந்தைகள். 2024 ஜனவரி 18, வதோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும். கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது என்று பல படகுத்துறைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஏழை பாழைக்கு உதவியாகத் தோன்றும். டிக்கெட் இல்லாத உயிர் தலைக்கணக்கிலும் வராது என்பது கவுன்டரில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். "ஒரு ஆள்தானே சார், சின்னப் புள்ளதானே, மடியில வெச்சுக்கறோம்." அப்படி மடியில் ஏறுகிறவர்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் படகு எப்போதோ நிறைந்திருக்கும்.

ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு, படகு விட்டவர்கள் தரப்பிலிருந்து யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, "நம்ம கையில என்ன இருக்கு" என்பார். கையில்தான் எல்லாம் இருந்தது. கயிறு, கணக்கு நோட்டு, ஜாக்கெட் அறைச் சாவி.

திருக்குறளில் இதற்கு ஒரு வெளிச்சம் இருப்பதாக எனக்குப் படுகிறது. புலவர்கள் ஒப்புவார்களோ என்னவோ. ஊழைவிட வலியது ஏதுமில்லை என்பது போலப் பேசும் அதிகாரம் 38-ஆவது. தளராமல் உழைப்பவன் ஊழையே புறங்காட்டி ஓடச் செய்வான் என்னும் அதிகாரம் 62-ஆவது. ஒரே ஆள் இரண்டு விதமாகப் பேசுகிறாரே என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். அவை எந்த இடத்தில் நிற்கின்றன என்று பாருங்கள். ஊழ், அறத்துப்பாலின் கடைசியில், இல்லறமும் துறவறமும் சொல்லி முடித்தபின் வருகிறது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையைத் தானே எண்ணிப் பார்க்கும் இடம் அது. ஆள்வினையுடைமை பொருட்பாலில், அரசியல் பகுதியில் இருக்கிறது. பிறர் உயிருக்கும் உடைமைக்கும் பொறுப்பானவனிடம் பேசும் இடம். பொறுப்பில் இருப்பவனுக்கு வள்ளுவர் ஊழைக் கையில் கொடுக்கவே இல்லை.

புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் பாட்டும் அப்படித்தான். அதன் முதல் அடியை உலகமே சொல்கிறது. நடுவில் வரும் உவமை, ஆற்று நீரின் வழியே போகும் புணை போல உயிர் ஊழின் வழியே போகும் என்பது. படகுத்துறையில் இருந்தவன் என்பதால் எனக்கு அந்த இடம்தான் முதலில் கண்ணில் படும். புணைக்கு உள்ளே இருந்து, தன்னைச் சேர்த்துப் பேசுகிறார் அவர். அதனால் பெரியவரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியவரை இகழவும் மாட்டோம் என்று முடிக்கிறார். ஊழ் அங்கே தலைக்கனத்தை இறக்குகிறது. ஒரு வேலையைத் தட்டிக் கழிக்க அந்தப் பாட்டில் எங்கே இடம் இருக்கிறது?

சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும். 'ஆக்ட் ஆஃப் காட்' என்று ஒரு வாதம் உண்டு; மனிதன் எவ்வளவு முன்யோசனை செய்தாலும் தடுத்திருக்க முடியாத இயற்கைச் செயலுக்கு மட்டும் அது செல்லும். அதிக ஆள் ஏற்றியதைக் கடவுள் தலையில் போட முடியாது. 1917-ஆம் வருஷத்துச் சட்டத்தை நீக்கி 2021-இல் உள்நாட்டுக் கலன்களுக்குப் புதுச் சட்டமும் வந்திருக்கிறது. சட்டம் டெல்லியில் வந்தது. ஜெட்டியில் நிற்பவன் வாங்கும் சம்பளத்துக்கும், மேலே இருந்து வரும் "கூட்டத்தைச் சீக்கிரம் அனுப்புய்யா" என்ற போனுக்கும் நடுவே அது எவ்வளவு தாங்கும் என்பது வேறு கதை.

என்னோடு வேலை பார்த்த படகோட்டி ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலையில் எங்களோடு இருந்தாரே தவிர, கீழே சமவெளிக்காரர். ஏரியின் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நீந்துகிற ஆள். எத்தனையோ பேரைக் கரையில் தூக்கிப் போட்டவர். பொங்கல் லீவில் ஊருக்குப் போனவர் ஊர் ஏரியில் குளிக்கப் போய் மூழ்கிவிட்டார். ஏரியில் சவுடு மண் எடுத்திருந்தார்கள். அனுமதித்த ஆழத்துக்குமேல் தோண்டி, சரிவு விடாமல் நேர்க்குத்தாக விட்டுவிட்டுப் போயிருந்த பள்ளம். மழைத் தண்ணீர் நிரம்பியதும் ஏரியோடு ஏரியாகிவிட்டது. அங்கே இரண்டு சிறுவர்கள் தத்தளிக்க, இவர் இறங்கியிருக்கிறார். ஒருவனைக் கரையில் தள்ளிவிட்டார். அடுத்தவனும் பிழைத்தான், வேறு யாரோ துண்டை வீசித் தூக்கினார்கள். இவர் வரவில்லை.

நாங்கள் போனபோது பந்தல் போட்டிருந்தது. அவருடைய அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணியிலேயே பொழச்சவனைத் தண்ணியே எடுத்துக்கிச்சே சாமி, அவன் விதி அவ்வளவுதான்" என்றாள். எனக்கு எதிர்த்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏன் அன்றைக்கு, ஏன் அவர், ஏன் அந்தச் சிறுவர்கள் பிழைத்து இவர் போனார் என்பதற்கு எந்தப் பாதுகாப்பு விதிமுறையும் பதில் சொல்லாது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவனும் சாகிறான். அந்தப் பாரத்தைத் தூக்க அவளுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது. அதை அவள் கையிலிருந்து பிடுங்க நான் யார்?

சற்று நேரத்தில் சவுடு எடுத்த ஆள் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கும்பிட்டார், பந்தலில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி வாங்கிக்கொண்டார். "என்ன செய்றது சார், விதி" என்றார்.

யாரும் பதில் சொல்லவில்லை. படகோட்டியின் அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

காரியம் முடிந்த அடுத்த வாரம் ஊர்க்காரர்கள் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்துக்கு ஒரு மனு எழுதினார்கள்: பள்ளத்தைச் சரிவாக்க வேண்டும், அதுவரை வேலி போட வேண்டும், எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அளக்க வேண்டும். எழுதிக் கொடுத்தது நான்தான்; கவுன்டரில் இருந்த காலத்தில் மனு எழுதிப் பழக்கம். முதல் கையெழுத்து ஊர்த் தலைவருடையது என்று மேலே இடம் விட்டிருந்தோம். அந்த அம்மா வந்து, "எங்கய்யா வெக்கணும்?" என்று கேட்டு, விட்டிருந்த இடத்திலேயே கட்டைவிரலை அழுத்தினாள். தலைவர் அதற்குக் கீழே போட்டார்.

பள்ளத்தைச் சுற்றி இப்போது கம்பி வேலி இருக்கிறது. மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் பக்கத்தை மட்டும் மண் போட்டுச் சரிவாக்கியிருக்கிறார்கள். ஆழத்தை அளக்க இன்னும் யாரும் வரவில்லை. அதற்கு இரண்டாவது மனு கொடுத்திருக்கிறோம்.